மின்சார வாரியத்தில் எஞ்சினியர் மட்டுமா?



பத்தாம் வகுப்பில் காலடி வைத்த நாள் முதல் நம்மை எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றே: "அடுத்து என்ன படிக்கப் போகிறாய்?" எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வரும் பாட்டிகூடக் கூடையை இறக்கி வைத்துவிட்டு இதைக் கேட்டுவிட்டார்கள். ஒரு நாள் வகுப்பில் சிஸ்டர் ஒவ்வொருத்தியாக எழுப்பிக் கேட்டபோது டாக்டர் என்றனர் பலர்; நர்ஸ், டீச்சர் என்றனர் சிலர். என் முறை வந்தது. "மின்சார வாரியத்தில் வேலை பார்ப்பேன், சிஸ்டர்" என்றேன். வகுப்பே சிரித்தது. "கம்பத்தில் ஏறப் போகிறாயா?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். சிஸ்டரும் சிரித்தார்கள். ஆனால் வகுப்பு முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, "கம்பத்தில் ஏறாமல் அங்கே என்ன வேலை இருக்கிறது என்று ஆண்டு மலருக்கு எழுதிக் கொண்டு வா" என்றார்கள். அதன் விளைவே இக்கட்டுரை.

மின்சார வாரியம் என்றவுடன் நம் கண் முன் வருபவர்கள் இருவர். ஒருவர், மழையில் கம்பத்தின் மேல் நிற்கும் ஊழியர். மற்றவர், ஜீப்பில் வந்து இறங்கும் எஞ்சினியர். இவர்கள் இருவர் மட்டும் இருந்தால் நம் வீட்டில் விளக்கு எரியுமா? எரியாது என்பதை என் பெரியப்பாவிடமும் சித்தியிடமும் கேட்டுத் தெரிந்து கொண்டேன். பெரியப்பா அனல் மின் நிலையத்தின் வேதியியல் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள். சித்தி மின் பகிர்மான அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறார்கள்.

முதலில் பெரியப்பாவின் வேலையைச் சொல்கிறேன். அவர்கள் பிரிவின் தலைவருக்குக் 'கெமிஸ்ட்' என்று பெயர். இந்தச் சொல்லால் எங்கள் வீட்டில் ஒரு வேடிக்கை உண்டு. எங்கள் ஆச்சி, உயிரோடு இருந்த வரையில், "என் மூத்த மகன் தெர்மலுக்குள்ளே மருந்துக்கடையில் இருக்கான்" என்றே ஊரெல்லாம் சொல்லிக் கொண்டிருந்தார்களாம். மருந்துக்கடைப் பலகையில் அந்தச் சொல்லைப் பார்த்தவர்கள் வேறு எப்படி எண்ணுவார்கள்? நானும் சிறு வயதில் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நம் தூத்துக்குடி அனல் மின் நிலையத்தை அறியாதவர் நம்முள் யாரும் இல்லை. கடற்கரைக்குப் போனால் அதன் புகைபோக்கிகள் தெரியும். 210 மெகாவாட் அலகுகள் ஐந்து அங்கே கட்டப்பட்டன. முதல் அலகு 1979-ஆம் ஆண்டு ஓடத் தொடங்கியது. நிலக்கரியை எரித்து, தண்ணீரை நீராவியாக்கி, அந்த நீராவியால் டர்பைனைச் சுழற்றி மின்சாரம் எடுக்கிறார்கள் என்பது நம் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் 'தண்ணீர்' என்று புத்தகம் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது. அந்த ஒரு சொல்லுக்குள்தான் கெமிஸ்டின் வாழ்நாள் வேலை அடங்கியிருக்கிறது.

வீட்டில் வெந்நீர் போடும் பாத்திரத்தைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும். அது தண்ணீரில் கரைந்திருந்த உப்பு. நம் பாத்திரத்துக்கு அதனால் பெரிய நட்டமில்லை. தேங்காய் நாரால் தேய்த்துவிடலாம். மின் நிலையத்துப் பாய்லரிலோ அழுத்தம் நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 150 மடங்கு. அதிலிருந்து வெளிவரும் நீராவியின் வெப்பம் 540 டிகிரி செல்சியஸ். அங்கே குழாயின் உள்ளே உப்புப் படிந்தால், படிந்த இடத்தில் வெப்பம் தண்ணீருக்குப் போகாமல் குழாயிலேயே தங்கிவிடும். குழாய் பழுத்து வெடிக்கும். மணலில் உள்ள சிலிக்கா இன்னும் தந்திரமானது. அது நீராவியோடு சேர்ந்து பறந்து போய் டர்பைனின் இறக்கைகளில் கண்ணாடி போல் ஒட்டிக் கொள்ளும். கரைந்திருக்கும் ஆக்சிஜன் இரும்பைப் புள்ளி புள்ளியாக அரிக்கும்.

எனவே நாம் குடிக்கும் தாமிரபரணித் தண்ணீர் பாய்லருக்கு அழுக்குத் தண்ணீர்! ரெசின் என்னும் சிறு மணிகள் நிரப்பிய கலங்களின் வழியே அதைச் செலுத்துகிறார்கள். ஒரு கலம் நேர்மின் அயனிகளைப் பிடித்துக் கொள்ளும். அடுத்தது எதிர்மின் அயனிகளைப் பிடித்துக் கொள்ளும். வெளியே வரும் தண்ணீரில் சிலிக்கா, பத்து லட்சம் பங்கில் 0.02 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்து கோடியில் ஒரு பங்கு. பிறகு மிஞ்சிய ஆக்சிஜனைப் போக்க ஹைட்ரசீன், பி.எச். அளவை ஒன்பதுக்குச் சற்று மேலே நிறுத்த அம்மோனியா என்று அளந்து அளந்து சேர்க்கிறார்கள். ஹைட்ரசீன் நச்சுப் பொருள். கையுறை இல்லாமல் தொடக் கூடாது.

இவ்வளவு பாடுபட்டுத் தூய்மைப்படுத்திய தண்ணீருக்கு ஒரு பகைவன் பக்கத்திலேயே இருக்கிறான். அவன்தான் கடல். டர்பைனைச் சுழற்றிவிட்டு வரும் நீராவியை மறுபடி தண்ணீராக்குவதற்குக் கண்டென்சர் என்ற பெரிய பெட்டி உண்டு. அதில் ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்கள். குழாயின் உள்ளே கடல் நீர் ஓடும். வெளியே நீராவி குளிர்ந்து தண்ணீராகச் சொட்டும். ஆயிரத்தில் ஒரு குழாயில் ஓர் ஊசித் துளை விழுந்தால் போதும், உப்பு நீர் உள்ளே நுழைந்து நேராகப் பாய்லருக்குப் போய்விடும்.

"ஏ பிள்ளே, ஒரு சொட்டு கடல் தண்ணி கசிஞ்சா கண்ணுக்குத் தெரியுமா?" என்று பெரியப்பா கேட்டார்கள். "தெரியாது" என்றேன். "எங்களுக்குத் தெரியும்" என்றார்கள். முதலில் தண்ணீரின் மின்கடத்துத் திறனைக் காட்டும் கருவியில் எண் நகரும். உடனே மாதிரி எடுத்து வெள்ளி நைட்ரேட் கரைசல் விடுவார்கள். குளோரைடு இருந்தால் வெண்மை நிற வீழ்படிவு தோன்றும். நம் பள்ளி ஆய்வகத்தில் பிளஸ் டூ அக்காமார் செய்யும் அதே சோதனை! நம் ஆய்வகத்தில் வீழ்படிவு தோன்றினால் ரெக்கார்டு நோட்டில் எழுதிவிட்டு மணி அடித்ததும் வீட்டுக்குப் போய்விடுவோம். அங்கே நடு இரவில் அது தோன்றினால், ஆய்வகத்தில் தனியாக இருக்கும் அந்த ஊழியர் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்ய வேண்டும். அவர் சொல்லை நம்பி எஞ்சினியர்கள் மின் உற்பத்தியைக் குறைப்பார்கள். கண்டென்சரின் ஒரு பாதியை ஒதுக்கி, கசியும் குழாயைத் தேடிப் பிடித்து, அதன் இரு முனைகளையும் அடைப்பார்கள். அவர் சோதனை தவறென்றால் வீணாக உற்பத்தி குறையும். அவர் தூங்கிவிட்டாலோ பாய்லர் கெடும். பெரியப்பாவுக்கு இப்போதும் இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறதாம்.

'இரவு வேலையா, பெண்களுக்கு எப்படி?' என்று தாய்மார்கள் கேட்பது என் காதில் விழுகிறது. என் அம்மாவும் அதைத்தான் முதலில் கேட்டார்கள். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், பெண்களைக் காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில் மட்டுமே ஆலைகளில் வேலை வாங்கலாம் என்று வைத்திருந்தது. 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று கூறிச் செல்லாததாக்கியது. பெண்களை இரவில் அழைக்கும் ஆலை, பாதுகாப்பும் போக்குவரத்தும் ஓய்வறையும் செய்து தர வேண்டும் என்று நிபந்தனைகளும் விதித்தது. அம்மா இதைக் கேட்டுவிட்டு, "சட்டம் சரி, நம்ம ஊர் பஸ்?" என்றார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கெமிஸ்டின் வேலை தண்ணீரோடு நின்றுவிடுவதில்லை. மின்னாக்கியைக் குளிர்விக்கும் ஹைட்ரஜன் வாயு தூய்மையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காற்று அளவுக்கு மேல் கலந்துவிட்டால் அது வெடிக்கக் கூடிய கலவையாகிவிடும். டிரான்ஸ்பார்மர் எண்ணெயைச் சோதிக்க வேண்டும். இது நமக்கு டாக்டர் செய்யும் இரத்தப் பரிசோதனை போன்றது. எண்ணெயில் அசிட்டிலீன் வாயு கரைந்திருந்தால் டிரான்ஸ்பார்மரின் உள்ளே எங்கோ தீப்பொறி பறக்கிறது என்று பொருள். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. புகையையும் சாம்பலையும் பற்றி எழுதப் புகுந்தால் இம்மலரில் மற்றவர்களுக்கு இடமிராது.

ஆனால் நிலக்கரியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கெமிஸ்டும் கணக்காளரும் கை கோக்கும் இடம் அதுதான்.

ஒடிசாவில் தால்ச்சேர் என்ற இடத்தில் வெட்டிய நிலக்கரி, பாரதீப் துறைமுகம் வரை ரயிலிலும், அங்கிருந்து நம் வ.உ.சி. துறைமுகம் வரை கப்பலிலும் வருகிறது. ஒரு 210 மெகாவாட் அலகு நாள் முழுதும் முழு அளவில் ஓடினால் சுமார் 3,500 டன் கரி எரியும். கரிக்கு விலை எடையை மட்டும் வைத்து இல்லை. அது தரும் வெப்பத்தை வைத்து. 2012-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டுக் கரியை ஜி 1 முதல் ஜி 17 வரை தரம் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு தரத்துக்கும் இடையில் கிலோவுக்கு 300 கிலோ கலோரி வேறுபாடு.

மலை போல் குவிந்திருக்கும் கரியில் எந்தத் துண்டைச் சோதிப்பது? மேலே கிடப்பதை மட்டும் எடுத்தால் ஒரு விடை. அடியில் தோண்டினால் வேறொரு விடை. ஆதலால் பல இடங்களில் மாதிரி எடுத்து, நொறுக்கி, கலந்து, பாதியாக்கி, மறுபடி நொறுக்கி, பாதியாக்கி, கடைசியில் மாவு போல் அரைத்து வைப்பார்கள். அந்த மாவில் ஒரு கிராமை எடுத்து 108 டிகிரியில் காய வைத்தால் ஈரம் எவ்வளவு என்று தெரியும். இன்னொரு கிராமை 815 டிகிரியில் எரித்தால் சாம்பல் எவ்வளவு என்று தெரியும். வேறொரு கிராமைக் காற்றுப் படாமல் 900 டிகிரியில் சரியாக ஏழு நிமிடம் வைத்தால் ஆவியாகும் பொருள் எவ்வளவு என்று தெரியும். மற்றும் ஒரு கிராமை 'பாம்' என்னும் தடித்த எஃகுக் குப்பிக்குள் ஆக்சிஜனை அடைத்து எரித்து, சுற்றியுள்ள தண்ணீர் எத்தனை டிகிரி சூடேறுகிறது என்று பார்த்தால் வெப்ப அளவு கிடைக்கும். ஆயிரக்கணக்கான டன்னுக்கு உரிய விலை, ஒரு கிராமில் தீர்மானமாகிறது!

இங்கே ஒரு சிறு கணக்கு. கிலோவுக்கு 4,000 கிலோ கலோரி தரும் என்று நம்பி வாங்கிய கரி, உண்மையில் 3,700 தான் தருகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். அதே வெப்பம் வேண்டுமானால் 3,500 டன்னுக்குப் பதில் சுமார் 3,784 டன் எரிக்க வேண்டும். ஒரு நாளைக்கு, ஓர் அலகுக்கு மட்டும், 284 டன் கூடுதல். அதற்கு விலை, கப்பல் கூலி, சாம்பல் அள்ளும் செலவு எல்லாம் தனி. இந்த இழப்பைக் கண்டுபிடிப்பவர் கெமிஸ்ட். 'சொன்ன தரம் வேறு, வந்த தரம் வேறு. இவ்வளவு தொகையைப் பிடித்துக் கொள்' என்று பில்லில் எழுதி நிறுத்துபவர் கணக்காளர். இருவரில் ஒருவர் ஏமாந்தாலும் அந்தப் பணம் கடைசியில் நம் வீட்டுக் கட்டணத்தில் வந்து நிற்கும்.

இனி சித்தியின் வேலைக்கு வருகிறேன். சித்தி பி.காம். முடித்து இளநிலை உதவியாளராகச் சேர்ந்தவர்கள். கணக்கு வேலை என்றால் நாள் முழுதும் கூட்டல் போடுவது என்றுதான் நான் எண்ணியிருந்தேன். ஒரு மாலை அவர்கள் மிகவும் சோர்ந்து வந்தார்கள். மூன்று நாட்களாக ஒரு ரூபாயைத் தேடுகிறார்களாம். வங்கிக் கணக்கும் வாரியக் கணக்கும் ஒரு ரூபாய் ஒத்துப் போகவில்லை. "நானே தருகிறேனே, சித்தி" என்று என் உண்டியலைக் காட்டினேன். சித்தி சிரித்துவிட்டு விளக்கினார்கள். வித்தியாசம் ஒரு ரூபாய் என்றால் தவறும் ஒரு ரூபாய் என்று பொருள் இல்லை. ஓர் இடத்தில் ஒரு லட்சம் கூடுதலாகவும், மற்றோர் இடத்தில் ஒரு லட்சத்துக்கு ஒரு ரூபாய் குறைவாகவும் தவறு நேர்ந்திருந்தால், வெளியே தெரிவது ஒரு ரூபாய்தான்.

மின்சாரக் கணக்கில் மற்றொரு புதுமை, சரக்கைக் கண்ணால் பார்க்க முடியாது என்பது. அரிசிக் கடையில் மூட்டை குறைந்தால் எண்ணிப் பார்க்கலாம். மின்சாரம் கம்பியில் போகும்போதே ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது. கொக்கி போட்டுத் திருடுபவர்களும் உண்டு. மீட்டர் ஓடாத வீடுகளும் உண்டு. அனுப்பிய யூனிட் எத்தனை, பணமாகத் திரும்பி வந்த யூனிட் எத்தனை என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால்தான் நடுவில் எவ்வளவு காணாமற் போயிற்று என்று தெரியும். அதை எழுதுபவர் கணக்காளரே.

2016-ஆம் ஆண்டு மே மாதம் முதல் தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லை என்பது நம் வீட்டுக்கும் தெரியும். அந்த 100 யூனிட்டை உண்டாக்கக் கரியும் தண்ணீரும் சம்பளமும் செலவாகத்தானே செய்கின்றன? அத்தொகையை மாநில அரசு வாரியத்துக்குத் தர வேண்டும். உழவர்களின் பம்புசெட்டுகளுக்கும் அவ்வாறே. எவ்வளவு தர வேண்டும் என்று கணக்கு எழுதிக் காட்டினால்தான் அரசிடம் கேட்க முடியும். பணம் வரும் வரையில் கடன் வாங்க வேண்டும், கடனுக்கு வட்டி. இப்படிச் சேர்ந்த கடன் பெருமலையாகி, 2017-ஆம் ஆண்டு ஜனவரியில் 'உதய்' என்னும் மத்திய அரசுத் திட்டத்தில் தமிழ்நாடு சேர்ந்தபோது, அதன் பெரும் பகுதியை மாநில அரசு தன் தலையில் ஏற்றுக் கொண்டது. கட்டணத்தை உயர்த்த வேண்டுமென்றால் 1999-ஆம் ஆண்டு அமைந்த மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் முன் வரவு செலவை வைத்து அனுமதி பெற வேண்டும். அந்த ஏடுகளைத் தயாரிப்பவர்கள் சார்ட்டர்டு அக்கவுண்டன்டுகளும், அடக்க விலைக் கணக்காளர்களான காஸ்ட் அக்கவுண்டன்டுகளும். ஒரு யூனிட் மின்சாரத்தின் அடக்க விலை என்ன என்று சொல்வது தோசைக்கு மாவு கணக்குச் சொல்வது போல் எளிதன்று.

கணக்காளர் பணி ஆண்களுடையது என்று நினைப்பவர்களுக்கு, சென்னையைச் சேர்ந்த ஆர். சிவபோகம் அம்மையாரைச் சொல்ல விரும்புகிறேன். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். 1933-ஆம் ஆண்டு கணக்காளர் தேர்வில் வென்று, நம் நாட்டில் அத்தகுதி பெற்ற முதல் பெண்மணியானார். சிறை சென்றவர் கணக்காளராகப் பதிவு செய்ய முடியாதென்ற விதி குறுக்கிட்டபோது வழக்காடி வென்றார். பிற்காலத்தில் கணக்காளர் கழகத்தின் தென்னிந்திய மண்டலக் குழுவுக்குத் தலைவியுமானார்.

சரி, இவ்வேலைகளுக்கு எப்படிச் சேர்வது?

தமிழ்நாடு மின்சார வாரியம் 1957-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தோன்றியது. 2010-ஆம் ஆண்டு அது நிறுவனங்களாகப் பிரிந்தது; 'டான்ஜெட்கோ' என்ற பெயர் அப்போது வந்தது. 2024-ஆம் ஆண்டு அந்த டான்ஜெட்கோவும் உற்பத்திக்கு ஒன்று, பகிர்மானத்துக்கு ஒன்று, பசுமை ஆற்றலுக்கு ஒன்று என்று மீண்டும் பிரிந்தது. நாம் வேலை தேடும் காலத்தில் பழைய பெயரிலேயே தேடிக் கொண்டிருந்தால் அறிவிப்பு கண்ணில் படாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கணக்குப் பிரிவு இளநிலை உதவியாளருக்கு பி.காம். பட்டம் கேட்டார்கள். உதவிக் கணக்கு அலுவலருக்குப் பட்டம் போதாது. சார்ட்டர்டு அல்லது காஸ்ட் அக்கவுண்டன்ட் தேர்வில் தேறியிருக்க வேண்டும். வேதியியல் பிரிவில் 'டெஸ்டர்' என்ற சோதனையாளர் பணிக்கு வேதியியல் பட்டம். முன்பெல்லாம் வாரியமே விளம்பரம் செய்து ஆள் எடுத்தது. 2022-ஆம் ஆண்டு இயற்றிய சட்டத்தினால் மாநில அரசு நிறுவனங்களுக்கு ஆள் எடுக்கும் பொறுப்பு அரசுப் பணியாளர் தேர்வாணையத்திடம் வந்துவிட்டது. இந்த மாற்றத்தின் நடுவில் அகப்பட்டவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. 2020, 2021-ஆம் ஆண்டுகளில் 500 கணக்குப் பிரிவு இளநிலை உதவியாளர், 18 உதவிக் கணக்கு அலுவலர் உட்பட 5,318 இடங்களுக்கு வெளியான அறிவிப்புகள், தேர்வு நடக்காமலேயே 2022-இல் ரத்தாயின. எனவே 'இந்த ஆண்டு எழுதினால் அடுத்த ஆண்டு வேலை' என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. 500-க்கும் 18-க்கும் உள்ள இடைவெளியையும் பாருங்கள்.

மத்திய அரசின் நிறுவனங்களும் இருக்கின்றன. 1956-இல் தொடங்கிய நெய்வேலி நிறுவனம், 1975-இல் தொடங்கிய தேசிய அனல் மின் கழகமான என்.டி.பி.சி., கூடங்குளத்திலும் கல்பாக்கத்திலும் அணு உலைகளை நடத்தும் அணுமின் கழகம் ஆகியவை அவற்றுள் சில. என்.டி.பி.சி. உதவி கெமிஸ்ட் பயிற்சியாளர்களை எடுத்தபோது எம்.எஸ்ஸி. வேதியியல் கேட்டது. மத்திய நிறுவனம் என்றால் ஊர் விட்டு ஊர், சில சமயம் மொழி விட்டு மொழி போக வேண்டியிருக்கும். வீட்டில் இதை முன்பே பேசிக் கொள்வது நல்லது. வேலை கிடைத்த பிறகு அழுவதைவிட இப்போதே அழுதுவிடலாம்!

இனி எழுதப் போவதை எழுதலாமா என்று என் மாமா மகளிடம் கேட்டேன். "எழுது, என் பெயரை மட்டும் போடாதே" என்றாள் அக்கா. அவள் எம்.எஸ்ஸி. வேதியியல் படித்தவள், கல்லூரியில் முதல் வகுப்பு. படிப்பு முடிந்து வீட்டிலிருந்தபோது ஒருவர் மாமாவைத் தேடி வந்தார். மின் நிலையம் ஒன்றில் கெமிஸ்ட் வேலை இருக்கிறது, விளம்பரம் வராது, உள்ளே ஆள் இருக்கிறார்கள், ஒன்றரை லட்சம் முன்பணம் என்றார். மாமா அத்தையின் சங்கிலியை அடகு வைத்தார்கள். இரண்டு மாதத்தில் முத்திரை போட்ட ஓர் உத்தரவு வந்தது. அக்கா புதுச் சேலை கட்டிக் கொண்டு, மாமாவோடு வாசல் வரை போனாள். காவலர் அந்தத் தாளை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டு, "இது எங்க ஆபீஸ் தாள் இல்லம்மா" என்றாராம். கோபமாகக்கூடச் சொல்லவில்லையாம், அதுதான் அக்காவுக்கு இன்னும் வலிக்கிறது. திரும்பும் பஸ்ஸில் மாமா ஒரு வார்த்தையும் பேசவில்லை. அன்று கொடுத்த பணம் இன்று வரை வரவில்லை. அக்கா இப்போது மாலையில் டியூஷன் எடுத்துச் சங்கிலியை மீட்கப் பணம் கட்டிக் கொண்டு, காலையில் தேர்வுக்குப் படிக்கிறாள். அரசு வேலைக்கு விளம்பரம் இல்லாமல் ஆள் எடுப்பதில்லை என்ற ஒரு செய்தி அந்த வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. எம்.எஸ்ஸி. படித்தவளுக்கும் தெரியவில்லை. அதை நமக்கு எந்தப் பாடத்திலும் சொல்லிக் கொடுப்பதில்லையே.

அக்கா எனக்குச் சொல்லிய வேறு சில செய்திகளும் உண்டு. தேர்வாணையத் தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாள் கட்டாயம். அதன் தரம் பத்தாம் வகுப்பு. 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மற்றத் தாள்களைத் திருத்தவே மாட்டார்கள். ஆகவே தமிழ் டீச்சர் இலக்கணம் நடத்தும்போது சன்னல் வழியே பார்ப்பவர்கள் கவனிக்க! தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு இட ஒதுக்கீடு உண்டு. ஆனால் பள்ளிப் படிப்பு முதலே தமிழில் படித்ததற்குச் சான்றிதழ் வேண்டும். பெண்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 30 விழுக்காடு ஒதுக்கீடு 1989-ஆம் ஆண்டு வந்தது.

பெயர்ப் பிழையைப் பற்றியும் அக்கா எச்சரித்தாள். நம்மில் பலருக்குத் திருமுழுக்குச் சான்றிதழில் ஒரு பெயர், பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயர், ஆதாரில் எழுத்துக் கூட்டி மூன்றாவது பெயர். வீட்டில் கூப்பிடுவது நான்காவது! பிற்காலத்தில் பிறந்த தேதிக்கும் பெயருக்கும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைத்தான் முதலில் கேட்கிறார்கள். தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்பும் முன் ஆபீஸில் நம் பெயரைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவார்களே, அப்போது தோழியோடு பேசாமல் ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துக் கொள்ளுங்கள். தலைப்பெழுத்தையும் பாருங்கள். என்னுடையதில் ஒரு புள்ளி விட்டுப் போயிருந்தது, கண்டுபிடித்துச் சொன்னேன்.

என் வீட்டில் இன்னும் முடிவு ஆகவில்லை. அப்பா, கணக்குப்பதிவியல் பிரிவு எடு என்கிறார்கள், பி.காம். சேர்க்கையில் பல கல்லூரிகள் அப்பிரிவு மாணவிகளைத்தான் முதலில் எடுக்கின்றன, இடங்களும் 500 என்கிறார்கள். நான் அறிவியல் பிரிவு கேட்கிறேன். அறிவியல் படித்தவள் பின்னாளில் மனம் மாறினால் சார்ட்டர்டு அக்கவுண்டன்ட் தேர்வுக்குப் போகலாம். வணிகவியல் படித்தவள் மனம் மாறினால் பி.எஸ்ஸி. வேதியியலுக்குப் போக முடியாது. இதை அப்பாவிடம் மூன்று முறை சொல்லிவிட்டேன். பெரியப்பா என் பக்கம். சித்தி அப்பா பக்கம். அம்மா, பஸ் வசதி உள்ள பக்கம். பிளஸ் ஒன் விண்ணப்பத்தில் பெற்றோர் கையெழுத்து என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் அப்பா.